விருந்தாளி பயன்படுத்திய வைஃபைக்கு ஆச்சி பேரில் போலீஸ் நோட்டீஸ்

கேள்வி: எனக்கு வயது 66. கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டில் எங்கள் பங்குக்கு வந்த மூன்று அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். இணையம் வேண்டும் என்று எல்லோரும் கேட்பதால், சிம் போட்டு ஓட்டும் கையடக்க வைஃபை பெட்டி ஒன்றை மகன் வாங்கிக் கொடுத்தான். சிம் என் பேரில். சுவர் கனத்தில் உள்ளே சிக்னல் எடுக்காது என்று பெட்டியை முகப்பு ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறோம்; பாஸ்வேர்டை வளவுத் தூணில் எழுதி ஒட்டியிருக்கிறோம். போன வாரம் வேறு மாவட்ட சைபர் கிரைம் போலீஸிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ். என் சிம் வழியாக ஒருவரிடம் 2 லட்சம் ரூபாய் ஏமாற்றியிருக்கிறார்களாம். பிரிவு 179 என்று போட்டு, நேரில் வரச் சொல்கிறார்கள். மூன்று மாதம் முன்பு வந்து தங்கிய ஒரு பையன் மேல்தான் எனக்குச் சந்தேகம். சிங்கப்பூரிலிருக்கும் மகன், பெட்டியை ரீசெட் போட்டுவிட்டு சிம்மை உடைத்துப் போடு என்கிறான். பொது வீட்டை வாடகைக்கு விட்ட வினை என்று பங்காளிகள் பேசுகிறார்கள். என்னைக் கைது செய்வார்களா?

பதில்: ஆச்சி, முதலில் அந்தப் பெட்டியில் கை வைக்காதீர்கள். மகன் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் உங்கள் மேல் இன்றைக்கு எந்தக் குற்றமும் இல்லை. நோட்டீஸ் வந்த பிறகு பெட்டியை அழித்தால் அப்போதுதான் ஒன்று உண்டாகும். சாட்சியமாகக் கேட்கக்கூடிய மின்னணுப் பதிவைக் கிடைக்காமல் செய்யும் எண்ணத்தோடு அழிப்பது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. சிம்மை உடைத்தும் பயனில்லை. யார், எப்போது, எந்த இணைய முகவரி (ஐபி) வழியாக இணையத்துக்குப் போனார் என்ற பதிவைத் தொலைபேசி நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். போலீஸ் உங்கள் பேரைப் பிடித்ததே அங்கிருந்துதான்.

வேடிக்கை என்னவென்றால், பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் இருக்காது. இந்த ரகப் பெட்டிகள் அந்த நேரத்தில் யார் யார் போன் இணைந்திருக்கிறது என்று காட்டுமே தவிர, மூன்று மாதத்துக் கதையைப் பெரும்பாலும் சேர்த்து வைப்பதில்லை. இருந்தாலும் ‘ஒன்றும் இல்லை’ என்பதைப் போலீஸே பார்த்துச் சொல்லட்டும். நீங்கள் அழித்துவிட்டு அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அடுத்து, வந்தது உண்மையான நோட்டீஸ்தானா? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளைப் பார்த்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் இருக்கிறது. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த எண்ணுக்குப் பேச வேண்டாம். அந்த மாவட்டக் காவல்துறையின் இணையதளத்தில் உள்ள எண்ணில் கூப்பிட்டு, வழக்கு எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். பணம் என்ற பேச்சு வந்தாலே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்துவிடுங்கள்.

நோட்டீஸ் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். 179 என்று போட்டிருப்பது உங்களுக்கு நல்ல செய்தி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது சாட்சியை அழைக்கும் பிரிவு, பழைய சட்டத்தில் 160. குற்றம் சாட்டப்பட்டவரை அழைப்பது என்றால் 35(3) என்று இருந்திருக்கும். 179-ன் கீழ் ஒரு காவல் அதிகாரி தன் நிலைய எல்லையிலும் அதை ஒட்டிய நிலைய எல்லையிலும் இருப்பவரைத்தான் அழைக்கலாம். அதிலும் பெண்களையும், 60 வயது தாண்டிய ஆண்களையும், அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்லக் கூடாது. விரும்பினால் நீங்களாகப் போகலாம், கட்டாயம் கிடையாது. ஆகவே பஸ் ஏறி இன்னொரு மாவட்டத்துக்கு அலைய வேண்டாம்; விசாரிக்க வேண்டியவர்கள் கானாடுகாத்தானுக்கு வரட்டும். தவிர, இந்த நோட்டீஸ்களைச் சட்டம் சொல்லும் முறையில்தான் கொடுக்க வேண்டும் என்று காவல்துறைகளுக்கு நிலையாணை போடும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்தது அந்த வகையிலும் குறையுள்ளது.

அதற்காகப் பதில் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். குறையைப் பிடித்துக்கொண்டு மௌனமாக இருந்தால் சாட்சி மேலேயே சந்தேகம் திரும்பும். ஒப்புகையோடு விரைவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் போதும். இப்படி எழுதலாம்: “நோட்டீஸில் கண்ட எண் என் பெயரில் உள்ளது. அந்த சிம், என் அறைகளில் தங்குவோர் பயன்பாட்டுக்கான வைஃபை கருவியில் உள்ளது. கருவி மாற்றம் ஏதுமின்றி என்னிடம் இருக்கிறது. குறிப்பிட்ட இணைய முகவரி, போர்ட் எண், தேதி, நேரம் ஆகியவற்றைத் தெரிவித்தால், அன்று தங்கியோர் பதிவேட்டின் நகலைத் தருகிறேன். நான் 66 வயதுப் பெண் என்பதால் என் இல்லத்தில் விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

போர்ட் எண்ணும் நேரமும் ஏன் கேட்கிறோம் என்றால், விஷயமே அதில்தான் இருக்கிறது. மொபைல் நிறுவனங்கள் ஒரே இணைய முகவரியை ஒரே சமயத்தில் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. முகவரி மட்டும் கையில் இருந்தால் அது நீங்களாகவும் இருக்கலாம், யாரோ ஒருவராகவும் இருக்கலாம். போர்ட் எண்ணும் நொடி வரைக்குமான நேரமும் சேர்ந்தால்தான் ஆளைப் பிரிக்க முடியும். வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் பதிவில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். பதிவில் 14-ஆம் தேதி இரவு 9 மணி என்றிருந்தால், இங்கே அது 15-ஆம் தேதி அதிகாலை 2.30. யாராவது இதைக் கவனிக்காமல் விட்டால், 14-ஆம் தேதி இரவு 10 மணிக்கே அறையைக் காலி செய்து போனவர் தலையில் பழி விழும்.

அந்தப் பையன் விஷயமும் இதில்தான் அடங்குகிறது. “அவன்தான் செய்தான்” என்று எழுத்திலும் சொல்லாதீர்கள், வாய்ப்பேச்சிலும் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது, அவர் அன்று தங்கினார் என்பது மட்டும். உங்கள் கேள்வியிலேயே ஒன்று இருக்கிறது பாருங்கள்: பெட்டி இருப்பது முகப்பு ஜன்னலில். அப்படியென்றால் தெருத் திண்ணையில் உட்கார்ந்தாலும் சிக்னல் கிடைக்கும். பாஸ்வேர்டோ தூணில். முன்பு தங்கிப் போனவர், கார் டிரைவர், பால் கொண்டுவரும் பையன் என்று அதைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்! இது உங்களுக்குப் பாதகம் என்று பயந்து மறைக்க வேண்டாம். கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். சிம் உங்கள் பேரில் இருப்பதால் செய்தவர் நீங்கள் என்று ஆகாது என்பதற்கு அதுவே வலுவான விடை. ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்கு நேர்மையற்ற எண்ணம் இருந்ததாக அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். சிம் உரிமையாளர் என்ற ஒன்றை வைத்து அதை நிரூபிக்க முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவில் சைபர் கஃபே போன்ற இடைநிலையாளருக்கு உள்ள பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு என்று வாதாடலாம்தான். அவ்வளவு தூரம் போகாது என்பது என் கணிப்பு.

கைது பற்றிக் கேட்டீர்கள். ஒருவேளை பின்னால் 35(3) நோட்டீஸ் வந்தால் அதை மட்டும் தட்டக் கூடாது. அன்றே வக்கீலைப் பார்த்துவிடுங்கள். அதற்குக் கட்டுப்பட்டு ஒத்துழைப்பவரை, காரணத்தை எழுத்தில் பதியாமல் கைது செய்ய முடியாது. தேவைப்பட்டால் முன்ஜாமீனுக்கு அமர்வு நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ இருக்கிறது; வழக்கு வேறு மாவட்டத்தில் என்பதால் எந்த நீதிமன்றம் என்று வக்கீலிடம் கேளுங்கள். இப்போது அதற்கு அவசரமே இல்லை.

பெட்டியைக் கேட்டால் கொடுத்துவிடலாம். கைப்பற்றியதற்கு மகஜர் எழுதி, பெட்டியின் அடையாள எண்ணான ஐஎம்இஐயும் சிம் எண்ணும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகல் வாங்குங்கள். ஐஎம்இஐ பெரும்பாலும் பேட்டரியைக் கழற்றினால் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். இப்போதே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். திருப்பிக் கேட்டு மனுப் போடச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் ஒரு பெட்டிக்காக அந்த ஊர் கோர்ட்டுக்கு நடப்பதைவிடப் புதிதாக ஒன்று வாங்குவது மலிவு.

பங்காளிகள் பேச்சுக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் பங்குக்கோ வீட்டுக்கோ இதனால் ஒன்றும் வராது. பொது வீட்டில் உங்கள் பங்கை வாடகைக்கு விட அவர்கள் சம்மதம் வேண்டுமா என்பது வேறு கேள்வி. பாகப் பத்திரம் இருந்தால் அதன் நகலோடு தனியாக எழுதுங்கள்.

சிம் உங்கள் பேரிலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. இந்தப் பக்கம் சில விடுதிகளில் வேலையாள் ஆதாரைக் கொடுத்து சிம் வாங்கி வைக்கிறார்கள். அவருக்கே தெரியாமல் அவர் பேரைப் பயன்படுத்தியிருந்தால், ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுவது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். உங்கள் பேரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்பதைச் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போலீஸ் இந்தப் பெட்டியைப் பார்த்து முடித்த பிறகோ, புதுப் பெட்டி வாங்கிய பிறகோ, தூணில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, ஒவ்வொருவர் காலி செய்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். போனிலேயே இரண்டு நிமிஷ வேலை. மாற்றிய தேதியை, வந்த நேரம், போன நேரத்தோடு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆதார் நகல் வாங்கினால் முதல் எட்டு எண்ணை மறைத்த நகல் போதும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும். அதில் விட்டுப்போனவை இருந்தால், போலீஸ் பதிவேட்டைக் கேட்டு வரும் முன் அதைப் பற்றியும் வக்கீலிடம் பேசிவிடுங்கள்.