நெல் கொள்முதல் சீட்டுகளை ஏஐ படிக்குமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சம்பா அறுவடை வந்துவிட்டால் ஒரு நாளைக்கு நூறு சீட்டுக்கு மேல் சேர்ந்துவிடும். வயலில் எங்கள் ஆட்கள் கையால் எழுதும் கொள்முதல் சீட்டு, எடை மேடைச் சீட்டு, சாக்கு பில், உதிரிபாக பில், டீசல் பில் எல்லாவற்றையும் இரண்டு பெண்கள் எக்செல்லில் அடித்து, பிறகு டேலி என்ற கணக்கு மென்பொருளிலும் ஏற்றுகிறார்கள். வீட்டுக்குப் போக இரவு ஒன்பது மணி ஆகிறது. ஸ்கேனரும் ஏஐ மென்பொருளும் சேர்த்துத் தருவதாக ஒருவர் வந்து விலை சொல்லியிருக்கிறார். 99 சதவீதம் சரியாகப் படிக்கும் என்கிறார். வாங்கலாமா? வாங்கினால் ஓர் ஆளைக் குறைக்கலாமா என்று முதலாளி கேட்கிறார்.

பதில்: வாங்குவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு நாள் சேர்ந்த காகிதம் அத்தனையையும் மேசையில் பரப்பி இரண்டு கட்டாகப் பிரியுங்கள். ஏதோ ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் ஆகி வந்தவை ஒரு கட்டு, கையால் எழுதியவை இன்னொரு கட்டு. முதல் கட்டுக்கு ஸ்கேனரும் வேண்டாம், ஏஐயும் வேண்டாம். உங்கள் காகிதத்தில் பாதி அந்தக் கட்டில்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

எடை மேடைச் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். லாரி எண், பாரத்தோடு எடை, காலி எடை, நிகர எடை, நேரம் எல்லாம் எடை மேடை அறைக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பதிவாகி இருக்கிறது. அதை ரிப்பன் மங்கிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்து, அந்தத் தாளை ஆபீசுக்குக் கொண்டுவந்து இன்னொரு கம்ப்யூட்டரில் மறுபடியும் அடிக்கிறீர்கள். நடுவில் ஒரு ஸ்கேனரை வைத்தால் செலவுதான் கூடும். பெரும்பாலான எடை மேடை மென்பொருள்களில் ரிப்போர்ட் பகுதிக்குப் போய்த் தேதியைக் கொடுத்தால் எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். அந்த வசதி கண்ணில் படாவிட்டால் எடை மேடை சர்வீசுக்கு வருகிறவரிடம் கேளுங்கள்.

சாக்கு, உதிரிபாக பில்களும் அப்படித்தான். உங்கள் ஆலையின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு விற்றவர்கள் தங்கள் கணக்கைத் தாக்கல் செய்திருந்தால், அந்த பில் விவரம் ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி இணையதளத்தில் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற அறிக்கையில் வந்துவிடும், எக்செல்லாகவே இறக்கிக்கொள்ளலாம். அதில் பில் எண், தேதி, தொகை, வரி இருக்கும். என்ன பொருள் என்பது இருக்காது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிவு செய்த மின்னணு பில், போட்டாக வேண்டும். அந்த பில்லில் இருக்கும் க்யூஆர் கோடிலேயே இரு தரப்பு ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை எல்லாம் அடங்கியிருக்கிறது. அதைப் படிப்பதில் ஊகத்துக்கே இடமில்லை. டீசல் மட்டும் ஜிஎஸ்டிக்குள் வராது, அதனால் 2பி-யில் தேடாதீர்கள். பங்க்கில் மாதக் கணக்கு வைத்துக்கொண்டு ஒரே ஸ்டேட்மென்ட்டாக வாங்கிக்கொள்வது நல்லது. பங்க் பில் வெயில் பட்டால் வெளுத்துப்போகும் காகிதம் என்பதால் வந்த அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

இதில் எதையும் டேலியில் இரண்டாம் தடவை அடிக்க வேண்டியதில்லை. டேலிபிரைம் 4.0 முதல் எக்செல் கோப்பை நேரடியாக உள்ளே ஏற்றலாம். எந்தப் பத்தி எதற்கு என்று ஒருமுறை அமைத்துக் கொடுத்துவிட்டால் போதும், அதற்கு உங்கள் ஆடிட்டர் ஆபீஸில் யாராவது உதவுவார்கள்.

சரி, இனி கையெழுத்துக் கட்டு. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

99 சதவீதம் என்று சொன்னவரிடம், எழுத்துக்கா, சீட்டுக்கா என்று கேளுங்கள். ஒரு கொள்முதல் சீட்டில் பெயர், ஊர், ரகம், மூட்டை, ஈரப்பதம், விலை, முன்பணம் என்று எழுத்தும் எண்ணுமாக எண்பது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சரியாக வருவதற்கு 99 சதவீத வாய்ப்பு என்றால், எண்பதும் சரியாக வருவதற்கான வாய்ப்பு 45 சதவீதம்தான். பிழைகள் சீராகப் பரவினால், நூறு சீட்டில் ஐம்பத்தைந்தில் எங்காவது ஒன்று தப்பாக இருக்கும். அந்த 99-கூட நல்ல பிரிண்ட் எடுத்த ஆங்கிலத் தாளில் பார்த்த கணக்காக இருக்கலாம். சேறு பட்ட கையோடு வரப்பில் நின்று எழுதிய தமிழ்ச் சீட்டில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

எந்த இடத்தில் தப்பு வரும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘500/-’ என்று எழுதினால் அந்தக் கோடும் சேர்ந்து 5001 ஆகிவிடும். ஒன்றும் ஏழும் மாறும். மூன்றும் ஐந்தும் மாறும். ஆடுதுறை 43 ஒரே கீறலில் ஆடுதுறை 45 ஆகிவிடும். இரண்டும் உண்மையிலேயே இருக்கிற ரகங்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, விலைதான் மாறிப்போகும். 03/04 என்பதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளும் உண்டு. தமிழில் ரகரமும் துணைக்காலும் கையெழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். மேல் வரியில் இருப்பதே என்பதற்கு நம் ஆட்கள் போடும் இரட்டைக் கோடும் ‘மேற்படி’யும் இன்னொரு தலைவலி.

படிக்கும் மென்பொருளிலும் இரண்டு சாதி இருக்கிறது. பழைய வகைக்கு ஓசிஆர் என்று பெயர், படத்தில் உள்ள எழுத்தை ஒவ்வொன்றாக அடையாளம் காணும். டெசராக்ட் அதில் பிரபலமானது: எச்பி நிறுவனம் 1985 முதல் 1994 வரை உருவாக்கி, 2005-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இலவசம், தமிழும் படிக்கும், இணையம் இல்லாமலே உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும். அச்செழுத்துக்கு நன்றாகவே உதவும், கையெழுத்துக்கு உதவாது. புதிய வகை ஜெமினி, சாட்ஜிபிடி, கிளாட் போன்றவை. படத்தை முழுதாகப் பார்த்து, சுற்றியிருப்பதை வைத்து அர்த்தம் பண்ணிப் படிக்கும். கையெழுத்தை ஓரளவு சமாளிப்பது இவைதான். உங்களிடம் வந்தவர் விற்பதற்குள்ளும் அநேகமாக இவற்றில் ஒன்றுதான் இருக்கும்.

ஆனால் அர்த்தம் பண்ணிப் படிப்பதில் ஓர் ஆபத்து. பழைய ஓசிஆர் தடுமாறினால் பெயருக்கு நடுவில் எண்ணும் குறியுமாகக் குப்பையைக் கொட்டும், பார்த்தவுடனே தப்பு என்று தெரியும். ஏஐ அப்படிச் செய்யாது. ‘செல்வ’ என்பதற்குப் பிறகு மை கலைந்திருந்தால் ‘செல்வராஜ்’ என்று அழகாக நிரப்பிவிடும். அவர் செல்வமணியாக இருந்தால் பணம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். மூட்டைக் கணக்கு பெருக்கி வராவிட்டால், வருகிற மாதிரி ஓர் எண்ணைத் தானே திருத்திக் கொடுப்பதும் உண்டு. நான் அதிகம் பயப்படுவது இந்தத் திருத்தத்துக்குத்தான், ஏனென்றால் சீட்டை எழுதியவர் செய்த தப்பையும் அது மறைத்துவிடுகிறது.

ஆகவே ஏஐயிடம் கண்ணில் பட்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கூட்டவோ பெருக்கவோ வேண்டாம், தெளிவில்லாத இடத்தில் கேள்விக்குறி போடு என்று தமிழிலேயே சொல்லலாம். சொன்னாலும் சில சமயம் மீறும். கணக்கை எக்செல் சூத்திரம் பார்க்கட்டும். மூட்டை எண்ணிக்கையையும் மூட்டை எடையையும் பெருக்கினால் எடை மேடை சொன்ன நிகர எடைக்குக் கிட்டத்தட்ட வருகிறதா, விலை அன்றைய விலைக்கு ரொம்பத் தள்ளி இருக்கிறதா, ரகம் உங்கள் பட்டியலில் உள்ளதா, ஈரப்பதம் நம்பும்படி இருக்கிறதா என்று பார்த்து, ஒத்துவராத வரி மட்டும் சிவப்பாக மாறட்டும். எடை மேடைக் கோப்பு கையில் இருப்பதன் பலன் இங்கேதான் தெரியும். லாரி எண்ணையும் நேரத்தையும் வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம்.

அதைவிடப் பெரிய லாபம் சீட்டை மாற்றி அச்சடிப்பதில் இருக்கிறது. உள்ளூர் அச்சகத்திலேயே செய்துவிடலாம். ஒவ்வொரு சீட்டிலும் அச்சடித்த வரிசை எண். எண்களுக்குத் தனித்தனிக் கட்டம். ரகங்களின் பெயரை அச்சடித்து எதிரே டிக் போட ஒரு பெட்டி. நீங்கள் வாங்குவது ஏழெட்டு ரகம்தானே, ஆடுதுறை 45, சிஆர் 1009, பிபிடி என்று. எழுதுவதற்குப் பதில் டிக் போட்டால் மனிதருக்கும் சுலபம், மெஷினுக்கும் சுலபம்.

கூடவே ஒவ்வொரு விவசாயிக்கும் ஓர் எண் கொடுங்கள், அல்லது செல்போன் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் நல்லூரும் மங்கலமும் குடியும் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பெயர், ஊர் இரண்டையும் நம்பிக் கணக்கு வைத்தால் மனிதரே குழம்புவார். எண்ணும் பெயரும் சேர்ந்து ஒத்துவந்தால் மட்டும் ஏற்க வேண்டும்.

இன்னொன்று. பல இடங்களில் மேல் தாள் விவசாயிக்குப் போகிறது, ஆபீசுக்கு வருவது கார்பன் நகல். உள்ளதிலேயே மோசமான தாளைத்தான் மெஷினுக்குக் கொடுக்கிறோம். எழுதியவுடன் மேல் தாளைச் செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். டாகுமென்ட்டாக இணைத்து அனுப்பினால் தெளிவு குறையாது. இதைச் செய்துவிட்டால் ஸ்கேனரே தேவைப்படாமல் போகலாம். மடங்கிய, ஈரம் பட்ட துண்டுச் சீட்டுகள் தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனரில் சிக்கிக்கொள்ளும். ஸ்கேனர்தான் வேண்டும் என்றால் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), கலர் என்று வையுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நீல மையும் சேற்றுக் கறையும் ஒன்றாகிவிடும்.

வங்கிக் கணக்கு எண்ணை எந்தச் சீட்டிலிருந்தும் எந்த மெஷினும் படிக்க விடாதீர்கள். வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டுக்கு ஓர் அமைப்பு உண்டு: பதினொரு இடம், முதல் நான்கு எழுத்து வங்கி, ஐந்தாவது பூஜ்யம். தப்பு வந்தால் ஓரளவு பிடித்துவிடலாம். எல்லா வங்கிக்கும் பொதுவாகக் கணக்கு எண்ணுக்கு அப்படி ஒன்று இல்லை. பாஸ்புக்கைப் பார்த்து இரண்டு பேர் தனித்தனியாக ஒருமுறை அடித்து, இரண்டும் பொருந்தினால் விவசாயி எண்ணோடு சேர்த்துப் பூட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு சீட்டுக்கும் அதைத் தொட வேண்டியதே இல்லை.

ஆதார் நகல், பாஸ்புக், சிட்டா இவற்றை யாருடைய சொந்த ஜிமெயிலிலோ இலவச ஆப்பிலோ ஏற்றக் கூடாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த விவரங்களைக் காக்கும் பொறுப்பு அவற்றை வாங்கி வைத்திருக்கும் உங்களுடையது. ஆதார் தேவைப்பட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருள் விற்பவரிடம், எங்கள் படங்கள் எங்கே சேமிக்கப்படும், ஏஐயைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்வீர்களா, நாங்கள் விலகினால் அழித்துவிடுவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப் பேச்சில் சொல்வதைக் கணக்கில் வைக்காதீர்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. போன வருஷத்துச் சீட்டில் நூறு எடுங்கள். அவற்றின் சரியான விவரம் உங்கள் எக்செல்லில் ஏற்கெனவே இருக்கிறதே, அதுவே விடைத்தாள். நல்ல சீட்டாகப் பொறுக்காமல், மழை நாளில் எழுதியது, அவசரத்தில் கிறுக்கியது எல்லாம் கலந்திருக்கட்டும். விற்பவரை உங்கள் எதிரிலேயே படிக்க வைத்து, எடை, விலை, ரகம், விவசாயி என்று பத்தி பத்தியாகத் தப்பை எண்ணுங்கள். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை போனால் போகட்டும், எடையில் பிழை அப்படி இல்லை. கூடவே நேரத்தையும் பாருங்கள். சரிபார்க்கவே அடிக்கிற நேரம் ஆனால் அந்த மென்பொருள் உங்களுக்கு வேண்டாம். இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளர் என்றால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முதலாளி கேட்டதற்கு வருகிறேன். ஓர் ஆளைக் குறைக்கும் எண்ணத்தை இந்த வருஷம் விட்டுவிடச் சொல்லுங்கள். எந்தத் தரகர் ஏழுக்கு எப்படிக் கோடு போடுவார், எந்த ஊரிலிருந்து எந்த ரகம் வரும் என்பதெல்லாம் அந்த இரண்டு பெண்களுக்குத்தான் தெரியும். சிவப்பான வரியைப் பார்த்து முடிவு சொல்ல அவர்களைவிட்டால் வேறு ஆள் இல்லை. ஒருவர் படத்தைப் பார்த்துத் திருத்தட்டும், மற்றவர் விவசாயிக்குப் பணம் போவதைப் பார்க்கட்டும். இரவு ஒன்பது மணி ஆறாகக் குறைந்தாலே ஆலைக்கு லாபம். தொடர்ந்து நூறு வரியைச் சரி, சரி என்று தட்டிக்கொண்டே போனால் கண் பழகித் தப்பையும் சரியென்றே தட்டும் என்பதால், இருவரும் வேலையை மாற்றி மாற்றிச் செய்வது நல்லது.

பழைய பேரேடுகளை எல்லாம் ஏற்றித் தருகிறேன் என்று விற்பவர் ஆசை காட்டினால் வேண்டாம். தேதி போட்டுப் படமாக எடுத்து வைத்தாலே போதும். ஆனால் காகிதத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த வருஷத்து ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

எப்போது ஆரம்பிப்பது? எடை மேடைக் கோப்பும் 2பி-யும் நாளைக்கே தொடங்கலாம். சம்பா அளவுக்கு வரத்து இல்லாத குறுவை அறுவடையில் புது அச்சுச் சீட்டை ஒரே ஒரு கொள்முதல் ஆளிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் எந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார், எதை ஓரத்தில் கிறுக்குகிறார் என்று பார்த்துச் சீட்டைத் திருத்தி, அதற்குப் பிறகு மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஏஐ படிப்பதையும் கையால் அடிப்பதையும் அந்தக் குறுவை முழுக்கச் சேர்த்தே ஓட்டுங்கள். தை மாதத்தில் லாரி வாசலில் வரிசை கட்டி நிற்கும்போது புது மென்பொருளைத் தொட வேண்டாம்.