புட்பால் ஸ்டேடியத்துல வெளியூர் டீம் ரசிகர்களை எங்க உக்கார வைக்கணும்? தனி ஸ்டாண்டு வேணுமா, கலந்தே உக்காரலாமா?

எந்த இடத்துல உக்காந்தா மேட்ச் முடிஞ்சதும் உள்ளூர்க்காரன் மூஞ்சில முழிக்காம தனி வழியா வெளிய போக முடியுமோ, அந்த இடத்துல. அவ்ளோதாங்க என் பதில். மேல் மாடியா கீழ் மாடியா, கோல்போஸ்ட் பின்னாடியா சைடுலயான்னு சண்டை போடறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

கேள்விய பாத்தா நீங்க சென்னை நேரு ஸ்டேடியத்துல ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) மேட்ச் பாக்கப் போய் கேரளா டீம் ரசிகர்களோட மஞ்சள் சட்டைக் கூட்டத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்ட ஆளு மாதிரி தெரியுது. இல்ல நீங்களே அந்த மஞ்சள் சட்டையோ என்னவோ. எதுவா இருந்தாலும் சரி, டிக்கெட் எடுத்த எல்லாருக்கும் மேட்ச் பாக்க உரிமை இருக்கு.

நான் போலீசும் இல்ல, ஸ்டேடியம் கட்டற இன்ஜினியரும் இல்ல. கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) பையன், சின்ன வயசுலேர்ந்து டீம் கூட ஊர் ஊரா போய் கத்தற வேலைய மட்டும்தான் உருப்படியா செஞ்சிருக்கேன். "டீமுக்கு ஏழு பேர் ஆடற செவன்ஸ் மேட்ச் பாத்துட்டு இங்கிலீஷ் லீக் பத்தி பேச வந்துட்டான்"னு கீழ எழுதறதுக்கு ரெண்டு பேரு ரெடியா இருப்பீங்கன்னு தெரியும், எழுதிக்கோங்க. ஆளு எண்ணிக்கைதான் வேற, கூட்டம் கூட்டம்தான்.

விஷயத்துக்கு வரேன். பாண்டிச்சேரில பாகூர் பக்கம் ஒரு ஊர்ல (பேரு வேணாம், அங்க இப்பவும் சொந்தக்காரங்க இருக்காங்க) வருஷா வருஷம் செவன்ஸ் டோர்னமென்ட் நடக்கும். சவுக்குக் கட்டைல கேலரி, சுத்தி தென்னங்கீத்துத் தடுப்பு, டிக்கெட் வாங்காம எவனும் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு ஆள் உயரத்துக்கு மேல கட்டியிருப்பாங்க. உள்ள போக ஒரே ஒரு வழி, மைக் செட் மேஜைக்கும் டீக்கடைக்கும் நடுவுல. அந்த வருஷம் பைனல்ல எங்க தெரு டீமும் அந்த ஊரு டீமும். எங்கள கிழக்குப் பக்கம் உக்கார வச்சாங்க. சாயங்காலம் நாலு மணி மேட்ச், மேற்கு வெயில் நேரா கண்ணுல அடிக்குது, பாதி நேரம் பந்து எங்க இருக்குன்னு எதிர்ல இருக்குறவன் கத்தறத வச்சுத்தான் கண்டுபிடிச்சோம். வேணும்னேதான் வச்சாங்கன்னு எங்க மாமா இன்னிக்கும் சொல்வாரு, நானும் அப்படித்தான் நெனைக்கறேன், ஆனா அது கூட பரவால்ல. உள்ளூர் டீமுக்கு அந்த சின்ன சாதகம் இருந்துட்டுப் போகட்டும், நம்ம ஊர்ல நடந்தா நாமளும் அதத்தான் செய்வோம்.

பிரச்னை ஜெயிச்சப்புறம்தான் ஆரம்பிச்சுது. பெனால்டில எங்க கீப்பர் கடைசிப் பந்த தடுத்துட்டான். நாங்க கீழ குதிச்சு ஆடறோம், கேலரி கட்டை கிறீச் கிறீச்னுது, மைக்ல "வெளியூர் நண்பர்கள் அமைதி காக்கவும், அமைதி காக்கவும்"னு ஒருத்தர் கெஞ்சறாரு. அப்பதான் திரும்பிப் பாக்கறோம், வெளிய போற ஒரே வழில அந்த ஊரே நிக்குது. அடிக்கணும்னு யாரும் வரலங்க, அத நான் நேர்மையா சொல்லணும், அவங்களும் வெளிய போகத்தான் நின்னாங்க. ஆனா தோத்த கடுப்புல நிக்கறவன் நடுவுல, கப்பத் தூக்கிக்கிட்டு, சட்டைய கழட்டி சுத்திக்கிட்டு இருக்குற இருபது வயசுப் பசங்கள அனுப்பினா என்ன ஆகும்? ஒருத்தன் ஒரு வார்த்தை விட்டா போதும். விட்டான். எங்க பையன்தான் விட்டான். அப்புறம் செருப்பு பறந்துச்சு, எவனோ ஒருத்தன் சட்டை என் கையில இருந்துச்சு, ஏன் இருந்துச்சுன்னு எனக்கே தெரியல.

கமிட்டில ஒரு பெரியவர், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நடுவுல பூந்தாரு. "தம்பி, அந்தக் கப்ப துண்டால மூடுப்பா, மொதல்ல மூடு"ன்னாரு. தோள்ல கிடந்த துண்ட அவரே எடுத்துக் குடுத்தாரு. மூடினோம். அப்புறம் எங்கள கிழக்கு மூலைக்கு கூட்டிட்டுப் போயி, தென்னங்கீத்த ரெண்டு ஆள விட்டு பிரிச்சு, அந்த ஓட்ட வழியா கரும்புத் தோட்ட வரப்புல எறக்கி விட்டாரு. "நேரா போனா ரோடு, திரும்பிப் பாக்காதீங்க". ரெண்டு நிமிஷ வேலை. அதே ஓட்டைய காலையிலேயே போட்டிருந்தா ஒரு செருப்பு கூட பறந்திருக்காது.

இதத்தான் பெரிய ஸ்டேடியத்துக்கும் சொல்றேன். 1980 ஆகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் மேட்ச். ரெண்டு பக்க ரசிகர்களும் ஒரே ஸ்டாண்டுல கலந்து உக்காந்திருந்தாங்க, கீழ ஆட்டத்துல ஆரம்பிச்ச தகராறு மேல ஏறி, 16 பேர் செத்துட்டாங்க. அடிபட்டு மட்டும் இல்ல, ஓட வழி இல்லாம நசுங்கியும்தான். இன்னிக்கும் அந்தத் தேதில அவங்க நினைவா அங்க ரத்ததானம் பண்றாங்க. 1985 பிரஸ்ஸல்ஸ் ஹெய்செல் ஸ்டேடியத்துல இத்தாலி டீம் யுவென்டஸ் - இங்கிலாந்து டீம் லிவர்பூல் பைனல். லிவர்பூல் கூட்டத்துக்குப் பக்கத்துல "நடுநிலை"னு ஒரு பிளாக் ஒதுக்கினாங்க, அதுல பாதிக்கு மேல இத்தாலிக்காரங்க டிக்கெட் வாங்கி உக்காந்துட்டாங்க, நடுவுல ஒப்புக்கு ஒரு கம்பி வேலி. அந்தப் பக்கத்துலேர்ந்து கூட்டம் பாயவும் இவங்க பின்வாங்கி சுவத்துல முட்டி, சுவர் விழுந்து 39 பேர் போயிட்டாங்க. பேப்பர்ல பிரிச்சுதான் வச்சிருந்தாங்க, தரையில பிரிக்கல. அதனால "கலந்து உக்காரலாமே, நாமெல்லாம் நாகரிகமானவங்கதானே"ன்னு சொல்றவங்களோட எனக்கு பேச்சே இல்ல. கிரிக்கெட்ல உக்காரலாம், நானும் சேப்பாக்கத்துல உக்காந்திருக்கேன். புட்பால் வேற.

அதுக்காக கண்காணாத இடத்துல தூக்கிப் போடறதும் அநியாயம். இங்கிலாந்துல நியூகாசில் டீமோட செயின்ட் ஜேம்ஸ் பார்க் ஸ்டேடியத்துல வெளியூர்க்காரங்கள உச்சாணில, லெவல் 7-ல ஏத்தி விடறாங்க, 14 அடுக்கு படி ஏறணும். அங்கேர்ந்து பாத்தா மொத்த மைதானமும் தெரியும்னு சில பேரு புகழறாங்க. எங்கப்பா மாதிரி முட்டி போனவர கூட்டிட்டுப் போயி ஏத்திட்டு அப்புறம் புகழுங்க. நாம கத்தறது நம்ம பிளேயர் காதுல விழணும், அதுக்குத்தானே அவ்ளோ தூரம் போறோம்? இங்கிலாந்து பிரீமியர் லீக்ல ஒரு நல்ல விதி இருக்கு, 3,000 டிக்கெட் இல்லன்னா ஸ்டேடியத்துல 10 சதவீதம், ரெண்டுல எது கம்மியோ அத வெளியூர்க்காரனுக்கு குடுத்தே ஆகணும். 2016-17 சீசன்லேர்ந்து அந்த டிக்கெட்டுக்கு 30 பவுண்டுதான் உச்ச விலை. ஐரோப்பா கோப்பை மேட்சுன்னா யூஇஎப்ஏ (ஐரோப்பிய புட்பால் சங்கம்) 5 சதவீதம்னு வச்சிருக்கு. நம்ம லீக்லயும் இப்படி ஒரு எண்ணிக்கைய எழுதி வச்சு கண்டிப்பா குடுக்கணும், உள்ளூர்க்காரன் மனசு வச்சா குடுப்பான்ங்கற கதையே இருக்கக் கூடாது.

இன்னொரு கோஷ்டி இருக்கு, வெளியூர்க்காரனே வேணாம்னு. பாண்டில எங்க அத்தை வீட்டுக்காரர் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க) குடும்பம், பசங்க எல்லாம் பாரிஸ் பக்கம் செட்டில். மச்சான் பாரிஸ் டீம் பிஎஸ்ஜி வெறியன். மார்செய்ல மேட்ச்னா இவங்க அங்க போகக் கூடாதுன்னு அரசாங்கமே ஆர்டர் போட்டுரும், பல வருஷமா இதே கதைதான். லீவுக்கு வந்தா மிஷன் வீதில நடந்துகிட்டே இதத்தான் புலம்புவான். "நாங்க இல்லாததால அமைதியா நடக்குதான்னா அதுவும் இல்ல மச்சான், 2023-ல அதே மார்செய்ல லியோன் டீம் பஸ்ஸையே கல்லால அடிச்சு அவங்க கோச்சு மூஞ்சிய கிழிச்சாங்க"ன்னான். உண்மைதான், மேட்சே நடக்கல அன்னிக்கு. அர்ஜென்டினால 2013-ல ஒரு சாவுக்கு அப்புறம் வெளியூர் ரசிகர்களுக்குத் தடை போட்டு வருஷக்கணக்கா இழுத்தாங்க. வெளிய நடக்கற சண்டைய தடுக்க முடியாம உள்ள உக்கார்றவன தடுக்கறது எந்த ஊர் நியாயம்?

நம்ம கதையில ஒண்ணு விட்டுட்டேன். வரப்புல ஓடி ரோட்டுக்கு வந்து, கன்னியக்கோயில்ல பஸ் ஏறி உக்காந்தோம். வழியில போலீஸ் பஸ்ஸை நிறுத்திட்டாங்க, பாண்டி சரக்கு பாட்டில் கடத்தறாங்களான்னு சோதனை. துண்டால மூடி மடில வச்சிருக்கான் எங்க கேப்டன், விடுவாங்களா? "என்னடா அது, பிரி"ன்னாரு போலீஸ்காரர். பிரிச்சா கப்பு. அப்பவும் நம்பாம கப்புக்குள்ள கைய விட்டு தடவிப் பாத்தாரு மனுஷன். பாண்டி போய்ட்டு வர்றவன் எல்லாம் பாட்டிலுக்குத்தான் போனான்னு என்ன கணக்குங்க இது? ஆஸ்பத்திரிக்குப் போறோம், கல்யாணத்துக்குப் போறோம், பொண்ணு குடுத்து எடுக்கறோம். எங்கம்மா தீபாவளிச் சீர் கொண்டு போன பைய கூட திரும்பி வரும்போது கொட்டிப் பாத்திருக்காங்க. வயசானவங்கள நிக்க வச்சு பேசற பேச்சு இருக்கே... இதுக்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லன்னு தெரியும், எழுதாம இருக்க முடியல.

சரி, உங்க கேள்விக்கு. கோல்போஸ்ட் பக்கத்து மூலை, கீழ் அடுக்கு. அதுக்குன்னு தனி கேட், தனி படிக்கட்டு, தனி பாத்ரூம், தண்ணி. ரெண்டு பக்கமும் கொஞ்சம் சீட்டக் காலியா விடணும், டிக்கெட் போச்சேன்னு வயித்தெரிச்சல் படாம விடணும். பஸ் நிக்கற இடம் அந்த கேட்டுக்குப் பக்கத்துல இருக்கணும், இல்லன்னா கேட் இருந்தும் பிரயோஜனமில்ல, சுத்திட்டு அதே கூட்டத்துலதான் போய் விழுவோம். டிக்கெட் விக்கும்போதே இது வெளியூர் பிளாக்குன்னு தெளிவா போடணும்.

அந்த பாகூர் பக்கத்து டோர்னமென்ட்ல இப்ப கிழக்கு மூலையில கீத்துல நிரந்தரமா ஒரு வழி விடறாங்க. போன தடவை 3-0 தோத்தோம். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, நாங்க பாட்டுக்கு அது வழியா எறங்கி பஸ் ஏறிட்டோம். வெயில் மட்டும் இன்னும் கண்ணுலதான் அடிக்குது, அத மாத்தச் சொல்லி கேட்டா கமிட்டில சிரிக்கறாங்க.