மூன்று கண்ணுக்கும் ஒரே போத்தலா?

கேள்வி: ஐயா, எனக்குப் புன்னாலைக்கட்டுவன். இரண்டு கலப்புப் பசு, ஒரு நாகு, நாலு மாதத்தில் ஒரு நாம்பன் கன்று வைத்திருக்கிறேன். போன கிழமை கன்றின் இடக்கண்ணால் தண்ணீராய் ஓடியது. மூன்றாம் நாள் கண்மணியில் வெள்ளையாய்ப் பூ விழுந்துவிட்டது. வெயிலுக்குக் கண்ணைத் திறக்குதில்லை. இப்போது நாகுக்கும் கண்ணீர் வடிகிறது. மாமி புகையிலையையும் உப்பையும் சப்பி இரண்டு நாள் கண்ணுக்குள் ஊதிவிட்டா. கடையில் ஒரு சொட்டு மருந்து தந்தார்கள். விட்டதும் சிவப்புக் குறைந்தது, ஆனால் பூ பெருத்துவிட்டது. இதற்கிடையில் பள்ளிக்கூடத்தால் வந்த மகளுக்கு இரண்டு கண்ணும் சிவந்து பீளை கட்டுகிறது. அவள் எந்நேரமும் கன்றோடுதான் நிற்பாள். எனக்கும் வைக்கல் இறக்கிய நாள் தொடக்கம் வலக்கண் உறுத்துகிறது. எல்லாருக்கும் அந்த மருந்தைத்தான் விடுகிறோம். மாட்டுக் கண்ணோய் மனிதருக்குத் தொற்றுமா? இதைவிடத் திறமான சொட்டு மருந்து எது? பாலைக் குடிக்கலாமா? ஒரு தரகர் கன்றை அரைவிலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடவா?

பதில்: தம்பி, கன்றைப் பிறகு பார்ப்போம். முதலில் நீர் வெளிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போம். கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போன உம்முடைய வலக்கண்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. வைக்கல் இறக்கும்போது உமியோ சுணையோ கண்ணில் கீறினால், கருமணியின் மேலுள்ள கண்ணாடிப் படலத்தில் புண் வரும். வைக்கலில் பூஞ்சணம் இல்லாமல் இராது. அந்தப் புண்ணில் பூஞ்சணம் பிடித்தால் கிழமைக் கணக்கில் மருந்து விட வேண்டிவரும், சிலருக்குப் பார்வை மீளாது. ஒரு கண் மட்டும், அதுவும் வைக்கல் வேலைக்குப் பிறகு, உறுத்தலும் வெளிச்சத்துக்குக் கூச்சமும் என்றால் அதைக் கண்ணோய் என்று வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. யாழ் போதனா வைத்தியசாலையில் கண் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்தப் போத்தலையும் கையோடு கொண்டுபோம். முலைப்பால், நந்தியாவட்டைச் சாறு ஒன்றும் வேண்டாம்.

இனி அந்தப் போத்தல். அதன் லேபிளைத் திருப்பிப் பாரும். டெக்சாமெதசோன், பெற்றாமெதசோன், பிரெட்னிசொலோன் என்று ஏதாவது எழுதியிருக்கும். மருந்துப் பெயரின் வாலில் ‘சோன்’, ‘லோன்’ என்று வந்தால் அது பெரும்பாலும் ஸ்டீரொயிட். நீர் எழுதிய அடையாளமும் அதுதான்: சிவப்பு வடிந்தது, பூ பெருத்தது. ஸ்டீரொயிட் வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும். அதோடு புண்ணை ஆற்ற உடம்பு செய்கிற வேலையையும் அடக்கிவிடும். அதனால் புண் உள்ளே தோண்டிக்கொண்டு போகும். கண்ணில் புண் உள்ள மாட்டுக்கும் அது ஆகாது, பூஞ்சணப் புண் உள்ள மனிதனுக்கு அதைவிட ஆகாது. விற்றவருக்கு இது தெரியாது என்று நான் நம்பமாட்டேன். ஒரே நாளில் சிவப்பு மாறினால் ‘கைராசிக் கடை’ என்று சனம் திரும்பி வரும், அவ்வளவுதான் அவர் கணக்கு. கண்ணைப் பார்க்காமல் கண் மருந்து தருகிறவர் வியாபாரி, அவரிடம் புண்ணாக்கு வாங்கும், மருந்து வாங்காதையும்.

போதாததற்கு ஒரே போத்தலின் மூக்கு மூன்று கண்ணில் பட்டிருக்கிறது. கன்றின் பீளையை மகளின் கண்ணுக்கும், மகளின் பீளையை உம்முடைய புண்ணுக்கும் உம் கையாலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறீர். இன்றே எறியும்.

மகளுக்கு வந்தது கன்றால் வந்ததல்ல. பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணும் சிவந்து நீர் வடிகிற கண்ணோய் பெரும்பாலும் அடினோ என்ற வைரசால் வருவது, தொலைக்காட்சியில் ‘மெட்ராஸ் ஐ’ என்கிறார்களே, அதே குடும்பம். அதை அவள் வகுப்பில்தான் வாங்கியிருப்பாள். மாட்டில் வருவது மொரக்செல்லா போவிஸ் என்ற பக்டீரியா, அது மாட்டுக்கென்றே பழகிய கிருமி. ஒன்று மற்றதாக மாறாது. ஆனபடியால் பிள்ளையைக் கன்றிடமிருந்து பிரிக்க வேண்டியது தொற்றுக்குப் பயந்தல்ல, பீளைக் கையோடு கண்ணைக் கசக்குவாள் என்பதற்காக. அவளுக்கென்று தனித் துவாய், தனித் தலையணை கொடும். கொதித்தாறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து உள்மூலையிலிருந்து வெளியே துடைத்து, ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சாகப் பாவித்து எறியும். கண்ணீர் வடிகிற வரை பள்ளிக்கூடம் வேண்டாம். ஒன்றிரண்டு கிழமையில் தானாக மாறும். வைரசுக்கு அன்ரிபயோட்டிக் சொட்டு ஒன்றும் செய்யாது. நல்ல நோவு, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்கவே ஏலாமை வந்தால், அல்லது பச்சைப் பீளையாய்க் கட்டினால் காட்ட வேண்டும். நீரும் அவளும் ஒரே ஸ்டீரொயிட்டை விட்டிருப்பதால், உம்மோடு அவளையும் கூட்டிக்கொண்டு போம். கண்ணோய்க்காரரைப் பார்த்தாலே ஒட்டும் என்று மாமி சொல்லுவா. கைதான் ஒட்டுவிக்கும், கண் அல்ல.

சரி, கன்று. தலைக்கயிறு போட்டு நிழலில் தூணோடு ஒட்டக் கட்டும். ரோர்ச் அடித்துப் பாரும். மாட்டுக் கண்ணோயில் பூ அநேகமாகக் கருமணியின் நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளியாய்த் தொடங்கும், பிறகு அதைச் சுற்றி நீலம் பாரித்து மங்கும். ஓரமாய்க் கீறல்போல இருந்தால் உமி, ஓலை நறுக்கு ஏதும் கிடக்கிறதா என்று தேடும். உள்மூலையில் இருக்கிற மூன்றாம் இமையைச் சுத்தமான விரலால் மெல்லத் தள்ளி அதன் கீழும் பாரும். சில வேளை நூல் துண்டுபோல வெள்ளையாய் 1 முதல் 2 சென்ரிமீற்றரில் ஒன்று நெளியும். அது கண்புழு, அதையும் இலையான்தான் கொண்டுவருகிறது. அதற்கு மருந்து வேறு, அன்ரிபயோட்டிக் அல்ல. இந்த மூன்றையும் பிரித்தறியாமல் ‘திறமான சொட்டு’ என்று கேட்டால் நான் எதைச் சொல்ல?

பக்டீரியாதான் என்றால் சொட்டு மருந்தே உமக்குச் சரிவராது. மாட்டின் கண்ணீர் அதை அரை மணித்தியாலத்தில் கழுவிவிடும். ஒரு நாளைக்கு நாலைந்து தரம் கன்றைப் பிடித்துக் கண்ணைத் திறக்க வீட்டில் ஆளும் இல்லை, கன்றுக்கும் உம்மைக் கண்டால் வெறுப்பு வந்துவிடும். நீண்ட நேரம் நிற்கிற ஒக்சிரெற்றாசைக்ளின் ஊசி நல்லது, இரத்தத்தால் போய்க் கண்ணீரிலேயே கசிகிற மருந்து. உடல்நிறை கிலோவுக்கு 20 மில்லிகிராம், 60 கிலோக் கன்றுக்கு 1,200 மில்லிகிராம். மில்லிலீற்றருக்கு 200 மில்லிகிராம் உள்ள போத்தலென்றால் 6 மில்லிலீற்றர். 48 முதல் 72 மணித்தியாலம் கழித்து இன்னொன்று. இதை நான் சொல்வது நீர் குத்துவதற்கல்ல, அரச கால்நடை வைத்தியரிடம் போகும்போது விஷயம் தெரிந்து பேசுவதற்கு. நாகுக்குத் தண்ணீர் மட்டும் வடிகிற இந்த நேரத்தில் குத்தினால் பூவே விழாமல் தப்பலாம். அதனால் கன்றோடு நாகையும் காட்டும்.

கண்ணை மூடி ஒரு மறைப்பும் போடலாம். பழைய டெனிம் காற்சட்டையில் உள்ளங்கையளவு துண்டை வெட்டி, கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் பசை பூசி ஒட்டும். பசை கண்ணிலோ இமையிலோ படக்கூடாது. கீழ்ப்பக்கத்தை நீர் வடிய ஒட்டாமல் விடும். வெயிலும் மறையும், இலையானும் அண்டாது. புகையிலையை நிறுத்தச் சொல்லி மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்லும். புகையிலைச் சாறும் உப்பும் புண்ணுக்குள் போனால் மாடு தலையை உதறுவது சுகம் வருவதால் அல்ல, எரிவதால்.

இவ்வளவும் நீர் கேட்டதற்கு. கேளாததைச் சொல்கிறேன்.

கன்றிலிருந்து நாகுக்கு எப்படிப் போனது? நீர் இரண்டையும் தள்ளித்தான் கட்டியிருப்பீர். இடையில் பறந்தது இலையான். பீளையைத் தின்ன ஒரு கண்ணில் இருந்து, அப்படியே அடுத்த கண்ணுக்குப் போகும். காலில் ஒட்டிய மொரக்செல்லா இரண்டு மூன்று நாள் உயிரோடு இருக்கும். அமெரிக்க, ஐரோப்பிய மேய்ச்சல் தரைகளில் இதற்கென்றே முகத்தில் மொய்க்கிற ஓர் இலையான் இனம் உண்டு. நம்முடைய ஊரில் அது இல்லை, அந்த வேலையை வீட்டு இலையானும் அதன் சொந்தக்காரரும் செய்கிறார்கள். அவர்களை வளர்க்கிறவர் யார்? செம்பாட்டில் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர் வளவில் எருக்கும்பி எங்கே இருக்கும் என்று நீர் எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? கொட்டிலின் பின்சுவரோடு, மூத்திரம் வழிந்தோடி வந்து சேருகிற பள்ளத்தில்.

நாளை விடிய ஒரு தடியோடு போய் அந்தக் கும்பியின் ஈர ஓரத்தை இரண்டு விரல் ஆழத்துக்குக் கிளறிப் பாரும். மேலே காய்ந்த பொருக்கு, அதன் கீழ் வெண்மஞ்சள் புழு கொதித்துக்கொண்டு கிடக்கும். ஒரு முழம் தள்ளிக் காய்ந்த மண்ணைக் கிளறினால் நெல்லளவில் செங்கபிலக் கூடுகள். நாளை மறுநாள் உம்முடைய நாகின் கண்ணில் இருக்கப் போகிறவை அவைதான். நம்முடைய வெயிலுக்கு முட்டை இலையானாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும், ஒருதரம் இடுகிற முட்டை 100க்கு மேல். பிறகு ‘சோளகம் பெயர்ந்ததும் கண்ணோய் வரும்’ என்று காற்றில் பழி போடுகிறோம். சோளகத்தின் புழுதி கண்ணை உரசி வழி திறந்துவிடுகிறது, உண்மை. ஆனி ஆடி வெயிலும் கூட நின்று உதவுகிறது. கிருமியைச் சுமந்து வருவது கும்பியில் பிறந்தது.

கும்பியைத் தூரத்தில் வைத்தால் போதும் என்பார்கள். போதாது, இலையான் மைல் கணக்கில் பறக்கும். மூட வேண்டும். கறுத்தத் தறப்பாள் போட்டு ஓரம் முழுக்க மண் அணைத்து விடும். உள்ளே கும்பி வேகும். 50 பாகை தாண்டினால் புழு நிற்காது. ஆனால் வெளிப்பக்கத்து ஒரு சாண் சூடேறாது, புழு அங்கேதான் ஒதுங்கும். அதனால் நாலைந்து நாளுக்கு ஒருக்கால் வெளிப்பக்கத்தை வெட்டி உள்ளே தள்ளி மூடும். கொட்டிலின் மூத்திர வாய்க்காலைக் கும்பிக்குள் விடாமல் தனிக் கிடங்குக்குத் திருப்பும். ஈரம் இல்லாத சாணகத்தில் புழு பிழைக்காது. மாடு மிச்சம் விட்டுத் தவிட்டோடு ஊறிக் கிடக்கிற வைக்கலும் சாணகத்துக்குக் குறைந்ததல்ல, அதையும் தினமும் அள்ளும். வளவில் கோழி நின்றால் மண் அணைக்கிற நாளில் திறந்துவிடும், கூடுகளைப் பொறுக்கும். மழையில் கரைந்து போகாத எருவும் மிச்சம், வெங்காயத்துக்கு நல்லது. இதை எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன். தறப்பாளுக்குக் காசு இல்லை என்கிறவர், கண் மருந்துக்கு மாதாமாதம் கொடுக்கிறார்.

பின்னேரம் வேப்பங்குழைப் புகை போடுகிறோம் என்று சொல்ல வருவீர். அது நுளம்புக்கு. கண்ணில் மொய்க்கிற இலையான் பகல் வேலைக்காரன், நீர் புகை போடும்போது கூரை வளையில் நித்திரை. புண்ணான கண்ணுக்குப் புகை எரிச்சல்தான் தரும். வெங்காயத்துக்கு அடிக்கிற நாசினியை மாட்டின் மேலும் கொட்டிலிலும் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கொடுமையைப் பால் குடிக்கிற பிள்ளையை நினைத்தாவது விடும். முதுகில் ஊற்றுவதற்கென்று மாட்டுக்கே செய்த மருந்து இருக்கிறது, வைத்தியர் சொன்னால் பாவியும். கும்பி திறந்து கிடக்கும் வரை அதுவும் இறைத்த கிணற்றுக்குக் கப்பி மாற்றுகிற வேலைதான்.

இன்னும் ஒன்று. வைக்கலைத் தலைக்கு மேல் பரணில் வைத்து இழுத்துத் தின்னவிடாதையும், உமி முழுக்கக் கண்ணில் கொட்டும். முழங்கால் உயரத்தில் தொட்டி போடும். வெறும் வைக்கலிலேயே கோடையைக் கடத்தினால் விற்றமின் ஏ குறைந்து கண் சோரும். பூவரசங்குழை, அகத்தி, முருங்கை, பச்சையாய் எது கிடைத்தாலும் கன்றுக்கு முதல் கொடும். இமை வெளிறிய பிரீசியன் கலப்பு வாங்க யோசித்தால், வெயிலில் கட்டுகிற வீட்டுக்கு அது சரியல்ல. இமை கறுத்த மாட்டுக்குக் கண்ணோய் குறைவு.

பால் பயமில்லை, காய்ச்சிக் குடியும். ஊசி போடப்போவது கன்றுக்கும் நாகுக்கும், கறக்கிற பசுவுக்கல்ல. பசுவுக்கும் வந்து ஊசி போட நேர்ந்தால் லேபிளில் சொன்ன நாள் கழியும் வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றாதையும். ஒருவர் ஊற்றினால் ஊர்ப்பால் எல்லாத்திலும் மருந்து கலக்கும், தயிரும் உறையாது.

தரகருக்குக் கன்றைக் கொடுக்காதையும். வருகிற கிழமைகளில் கருமணியின் ஓரத்திலிருந்து சிவப்பு நரம்புகள் நடுப்பூவை நோக்கி ஏறும். பார்க்கப் பயமாய் இருக்கும். ஆறுகிறது என்பதன் அடையாளம் அதுதான், அந்த நேரத்தில் மருந்தை மாற்றி விளையாட வேண்டாம். பிறகு நரம்பு வடிந்து வெள்ளைத் தழும்பாய் நிற்கும், மாதக் கணக்கில் அது சுருங்கும். படலம் வெடித்து வெளியே பிதுங்கினால்தான் கண் போனது, உம்முடைய கன்றுக்கு அப்படி ஒன்றும் நீர் எழுதவில்லை. அரைவிலை கேட்கிறவருக்கும் இது தெரியும். கார்த்திகைக்குப் பிறகு வந்து பார்க்கச் சொல்லும், அப்போது முழுவிலை கேளும்.