கோட்டையில் நடப்பதை ரிப்பன் மாளிகை எப்படிக் கவனிக்கிறது?

வாசகர், பெரம்பூர்: மாநிலச் சட்டமன்றத்தைக் கவனிக்க சியாட்டில் நகர நிர்வாகம் தனி அலுவலகம் வைத்திருப்பதாக அங்கே வசிக்கும் என் மகன் சொல்கிறான். சென்னை மாநகராட்சி இந்த வேலையை எப்படிச் செய்கிறது?

உங்கள் மகன் சொல்வது சரி. வாஷிங்டன் மாநிலத் தலைநகரான ஒலிம்பியாவில் சட்டமன்றம் கூடும்போது, நகரத்தின் தேவைகளையும் எதிர்ப்புகளையும் எடுத்துரைப்பது அந்த அலுவலகத்தின் பணிகளில் ஒன்று. அங்கே நகரமும் மாநிலமும் எதிரெதிரே அமர்ந்து பேசும் இரு தரப்புகள். இங்கோ மாநகராட்சி ஆணையரை நியமிப்பதே மாநில அரசுதான். மாநகராட்சியைப் பற்றிய சட்டமுன்வடிவு உருவாவதும் தலைமைச் செயலகத்தில் உள்ள நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையில்தான். ஆகவே, பேச வேண்டியவை பெரும்பாலும் கடிதங்களாகவும் கருத்துருக்களாகவும் கோப்புகளிலேயே பேசி முடிக்கப்படுகின்றன. பேரவையில் வாக்கெடுப்பு நடக்கும் நாளில் மட்டும் விழித்துக்கொள்பவருக்கு அங்கே மாற்றுவதற்கு அதிகமாக எதுவும் மிஞ்சியிருக்காது.

ஆனால் பேரவையில் நிறைவேறியதோடு கதை முடிந்துவிடுவதில்லை. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 13 அன்றுதான். அதற்கான விதிகளும் 2023இல்தான் வந்தன. அதுவரை சென்னை 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே இயங்கியது. இதற்கு நேர்மாறாக, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தம் 2025 ஏப்ரலில் பேரவைக்கு வந்து, சில மாதங்களிலேயே விண்ணப்பங்கள் கோரும் நிலையை எட்டியது. கால் நூற்றாண்டுக்கும் சில மாதங்களுக்கும் இடையில் எதுவும் நடக்கலாம் என்பதால், ஆளுநரின் ஒப்புதல், அமலாகும் தேதியை அறிவிக்கும் அரசிதழ், விதிகள், அரசாணை ஆகிய நான்கையும் ஒருவர் விடாமல் பின்தொடர வேண்டும். செய்தித்தாள்கள் முதல் நாளோடு நிறுத்திக்கொள்வது ஒரு குறைதான்.

வாசகர், வில்லிவாக்கம்: மாநில பட்ஜெட்டில் சென்னைக்கென்று அறிவிக்கும் தொகை உண்மையில் மாநகராட்சியின் கைக்கு வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் இரண்டு வகைப் பணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 243-I, 243-Y பிரிவுகளின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைகளை ஒட்டி, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்கு வருகிறது. ஐந்தாவது ஆணையத்தின் காலத்தில் இது ஊரகத்துக்கும் நகர்ப்புறத்துக்கும் சேர்த்து 10 சதவீதம். ஆணையம் அமர்ந்து கருத்துக் கேட்கும்போது வலுவாக வாதாடாத உள்ளாட்சி, பிறகு ஆண்டுதோறும் பட்ஜெட் நேரத்தில் முறையிட்டுப் பெரிய பலன் காண முடியாது.

நீங்கள் கேட்பது இரண்டாவது வகை. நிதியமைச்சரின் உரையிலோ, ஒவ்வொரு துறையின் செலவுக்கும் பேரவையின் அனுமதி கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தின் முடிவில் அமைச்சரிடமிருந்தோ வரும் அறிவிப்பு அது. அறிவிப்பு பணமாகாது. நிர்வாக ஒப்புதல் அளிக்கும் அரசாணை வர வேண்டும்; அதன் பிறகு நிதி விடுவிக்கப்பட வேண்டும். எனவே, அறிவிப்பு வந்த நாளிலிருந்து அரசாணை எண்ணைத் தேடத் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் அதே பணி எந்தக் கட்டத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். 2025இல் மாநில பட்ஜெட் மார்ச் 14 அன்றும் மாநகராட்சி பட்ஜெட் மார்ச் 19 அன்றும் தாக்கலாயின. இத்தனை நெருக்கத்தில் வரும் மாநகராட்சி மதிப்பீட்டில் எதிர்பார்ப்புதான் அதிகமாக இருக்கும் என்பது என் கருத்து. அதே ஆண்டின் கணக்கை மீண்டும் மதிப்பிட்டு மறு ஆண்டு பட்ஜெட்டில் அச்சாகும் திருத்திய மதிப்பீட்டுப் பத்தியே அதைவிட நம்பத்தக்கது.

வாசகர், சைதாப்பேட்டை: தொழில் வரியை மாமன்றம் விரும்பியபடி உயர்த்திவிட முடியுமா?

முடியாது. அரசியல் சாசனத்தின் 276ஆவது பிரிவு, ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 1988இல் வரம்பு கட்டிவிட்டது. அதை உயர்த்த வேண்டுமானால் கோட்டையில் காத்திருந்து பயனில்லை, நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும்.