அனத்தோலி கோனி யார்? ரஷ்யச் சட்ட வரலாற்றில் அவருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

ரஷ்ய நீதிபதியும் சட்ட அறிஞருமான கோனியை (1844–1927) அறிந்துகொள்ள 1878-ஆம் ஆண்டின் ஒரு வழக்கே போதும் என்பேன். தன் முன் தொப்பியைக் கழற்றாத அரசியல் கைதிக்குக் கசையடி கொடுக்க உத்தரவிட்டார் பீட்டர்ஸ்பர்க் நகர ஆளுநர் திரேப்போவ். அந்தக் கொடுமைக்காக அவரைத் துப்பாக்கியால் சுட்டார் வேரா சசூலிச் என்ற இளம்பெண். ஆளுநர் உயிர் பிழைத்தார். வழக்கு, நீதிமன்றத் தலைவராக இருந்த கோனியின் முன் விசாரணைக்கு வந்தது. தண்டனை நிச்சயம் என்று வாக்குறுதி தரும்படி நீதி அமைச்சர் கேட்டார். கோனி மறுத்துவிட்டார். இரு தரப்பு வாதங்களையும் ஜூரிகளுக்கு நடுநிலையோடு தொகுத்துச் சொல்லி, முடிவை அவர்களின் மனசாட்சிக்கே விட்டார். ஜூரி சசூலிச்சை விடுவித்தது, அரங்கம் ஆரவாரித்தது. அரசின் கோபமெல்லாம் கோனி மேல் திரும்பியது. பதவி விலகச் சொல்லி நெருக்கினார்கள். நீதிபதியை நினைத்தபடி நீக்க முடியாது என்ற 1864 நீதித்துறைச் சீர்திருத்தத்தின் கொள்கையைப் பற்றி நின்று, அவர் அசைந்து கொடுக்கவில்லை. அந்த விடுதலைத் தீர்ப்பைவிட இந்த உறுதியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1888-இல் பேரரசர் பயணித்த ரயில் போர்க்கி என்ற இடத்தில் கவிழ்ந்தபோது விசாரணை நடத்தியவரும் அவரே. அவர் சொன்ன ஓர் உண்மைச் சம்பவம்தான் டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலுக்கு வித்து. 1900-இல் அறிவியல் கழகத்தின் கௌரவ உறுப்பினரானார். 1917 புரட்சிக்குப் பிறகும் நாட்டைவிட்டுப் போகாமல், முதிய வயதிலும் மாணவர்களுக்கு விரிவுரை ஆற்றினார்.