தலைப்பு வேறு, கேள்வி வேறு

இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் நான்குக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். வெப்பப் பரிமாற்றத்தில் முனைவர் பட்டம் செய்ய விரும்பி ஒரு பேராசிரியரைச் சந்தித்தபோது, “தலைப்பு இருக்கட்டும், உங்கள் கேள்வி என்ன?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் எதை எதிர்பார்க்கிறார்?

பதில்: நல்லவரிடம்தான் போயிருக்கிறீர்கள். வெப்பப் பரிமாற்றம் என்பது ஒரு துறை. நுண்குழாய்களில் நீர் கொதிப்பது என்பது ஒரு தலைப்பு. குழாயின் உட்பரப்பைச் சொரசொரப்பாக்கினால் முதல் குமிழி எவ்வளவு குறைந்த வெப்பநிலையில் தோன்றும் என்பதுதான் கேள்வி. எதை மாற்ற வேண்டும், எதை மாறாமல் வைத்திருக்க வேண்டும், எதை அளக்க வேண்டும், வேலை எப்போது முடிந்தது என்றாகும் என்பதையெல்லாம் மூன்றாவதைக் கையில் வைத்திருப்பவரால் மட்டுமே சொல்ல முடியும்.

நீர், காற்று போன்ற பாய்மத்தின் பாகுத்தன்மை, அதாவது அதன் உள் உராய்வு, திடப்பொருளை ஒட்டிய மெல்லிய படலத்தில்தான் முதன்மையாக வேலை காட்டுகிறது என்ற எல்லைப் படலக் கருத்தை ஜெர்மானிய அறிவியலாளர் லுட்விக் பிராண்டல் 1904-இல் ஹைடல்பர்க் நகரில் நடந்த கணித மாநாட்டில் முன்வைத்தார். இறக்கைக்கும் கப்பலுக்கும் குழாய்க்கும் பொருந்தும் அந்தப் பெரிய கருத்திலிருந்து, அவரிடம் ஆய்வு செய்த பிளாசியஸ் எடுத்துக்கொண்டது ஒரு மெல்லிய தட்டைத் தகட்டையும் அதன்மேல் சீராகப் பாயும் ஓட்டத்தையும்தான். 1908-இல் அவர் வெளியிட்ட அந்தத் தீர்வைப் பாய்ம இயக்கவியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் கற்கிறார்கள். பார்வைக்குச் சிறியதாகத் தெரியும் கேள்வியை எடுக்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தால் வீணான ஆண்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்களுக்குப் பிடித்த தலைப்பில் அண்மைய கட்டுரைகள் ஐந்தை எடுத்து, அவற்றில் உள்ள ஒரு வரைபடத்தையாவது அவர்கள் தந்துள்ள தரவுகளைக் கொண்டு நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் போட முடியாமல் நிற்கிறீர்களோ, அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் உங்கள் கேள்வி இருக்கும்.

கேள்வி: மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி நான். 1 மீட்டர் நீளமும் 10 மி.மீ. விட்டமும் கொண்ட குழாயில் நொடிக்கு 20 கிராம் நீரைச் செலுத்தி, 500 வாட் மின்சூடேற்றியால் சூடாக்குகிறேன். நீர் பெறும் வெப்பத்தைக் கணக்கிட்டால் 435 வாட்தான் வருகிறது. காப்புறையை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. என் நெறியாளர் இழப்பு என்று எழுதிவிடச் சொல்கிறார்.

பதில்: எழுதிவிடாதீர்கள். குழாயின் வெளிப்புறம் அறையைவிட 50 டிகிரி சூடாக இருக்கிறது, காப்புறையே கிடையாது என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சிறிய பரப்பிலிருந்து அறைக்காற்றுக்குப் போகக்கூடியது 20 வாட்டைச் சுற்றித்தான் இருக்கும். காணாமற்போனதோ 65 வாட். ஆகவே காப்புறைமேல் பழி போட இடமில்லை.

இப்போது வெப்பநிலையைப் பாருங்கள். 500 வாட் முழுவதும் நீருக்குப் போனால் அது நுழைவாயிலிலிருந்து வெளிவாயிலுக்குள் ஏறத்தாழ 6 டிகிரி சூடேற வேண்டும். உங்களுக்குக் கிடைத்திருப்பது 5.2. காணாத 65 வாட் என்பது வெறும் 0.8 டிகிரிதான். கே வகைத் தெர்மோகப்பிளுக்கு, அதாவது இரு உலோகக் கம்பிகளை இணைத்துச் செய்த வெப்பநிலை உணரிக்கு, பொதுவான தரத்தில் அனுமதிக்கப்படும் பிழையே கூட்டியோ குறைத்தோ 2.2 டிகிரி. கடையில் வாங்கியபடியே இரண்டை இரு முனைகளிலும் செருகிவிட்டு ஆறு டிகிரி வேறுபாட்டை அளக்க முற்படுவது, தையற்காரரின் நாடாவால் தலைமுடியின் தடிமனை அளப்பதற்கு ஒப்பாகும். இரண்டையும் பனிக்கட்டியும் நீரும் கலந்த ஒரே பாத்திரத்திலும், பிறகு நீங்கள் அளக்கும் வெப்பநிலையில் நிற்கும் நீர்த்தொட்டியிலும் ஒன்றாக வைத்து, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, அந்த அளவைக் கழித்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள்.

இன்னொன்றையும் சந்தேகியுங்கள். சூடாக்கப்படும் குழாயில் சுவரோரத்து நீரைவிட நடுவில் ஓடும் நீர் குளிர்ச்சியாக இருக்கும். வெளிவாயில் தெர்மோகப்பிளின் நுனி நடுவில் நின்றால், அது சராசரியைவிடக் குறைவாகவே காட்டும். நானும் மாணவனாக இருந்தபோது ஒரு பருவம் முழுவதையும் இந்தத் தவற்றில் தொலைத்தேன். பணிமனையில் வேலை செய்த பெரியவர் ஒருவர் வெளிவாயிலில் நீர் நன்றாகக் கலந்து போகும்படி சிறு கலவை அறை ஒன்றைச் செய்து தந்த பிறகுதான் கணக்கு நேரானது.

நீரோட்டத்தைப் பாதியாக்கினால் வேறுபாடு 12 டிகிரியாகி அளப்பது எளிதாகுமே என்று தோன்றலாம். ஓட்டம் அடுக்கடுக்காகச் சீராகப் போகிறதா, கொந்தளிக்கிறதா என்பதைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் உங்கள் குழாயில் இப்போது ஏறத்தாழ 2,800. பாதியாக்கினால் அது 1,400-க்கு வந்து, சீரான ஓட்டத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 2,300 என்ற எல்லைக்குக் கீழே போய்விடும். அப்போது ஓட்டமே வேறு. நீங்கள் கேட்ட கேள்விக்கு அது விடை தராது. இத்தனையையும் செய்த பிறகு மிஞ்சும் வேறுபாட்டை, அதன் பிழை வரம்போடு சேர்த்து ஆய்வேட்டில் எழுதுங்கள். நெறியாளரிடம் வாதாட வேண்டாம். பனிக்கட்டிச் சோதனையின் எண்களை மேசைமேல் வையுங்கள், போதும்.

கேள்வி: வடிவமைப்புப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். வேலையை விடாமல் உலோகச் சோர்வு (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகம் முறிவது) குறித்து முனைவர் பட்டம் செய்ய முடியுமா?

பதில்: முடியும்; ஆனால் சேருமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதிரித் துண்டை நொடிக்கு 20 முறை சுமை ஏற்றி இறக்கும் வேகத்தில் 1 கோடி சுழற்சிகளுக்கு உட்படுத்த 5 லட்சம் நொடிகள், அதாவது ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவான காலம் ஆகும். ஒரே தகைவில் (ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசையில்) ஒரே மாதிரித் துண்டுகள் மிகவும் மாறுபட்ட சுழற்சிகளில் முறிவது சோர்வின் இயல்பு என்பதால், ஒவ்வொரு தகைவுக்கும் பல துண்டுகள் தேவைப்படும். இயந்திரம் இரவிலும் ஓடும் என்பது உங்களுக்குச் சாதகம்; நள்ளிரவில் பிடிப்பு நழுவி இயந்திரம் நின்றால் காலையில் அலுவலகம் செல்ல வேண்டியவர் நீங்கள் என்பது பாதகம். பொறுப்பாகக் கவனித்துக்கொள்ள முழுநேர மாணவர் ஒருவர் ஆய்வகத்தில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் அனுபவம் வீண்போகாது. எந்த இடத்தில் பாகங்கள் உண்மையில் முறிகின்றன என்பது நேராகப் படித்து வருபவரைவிட உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது? புகழ் பெற்றவராக இருந்தால் நல்லதா?

பதில்: அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் மாணவர்கள் இருவரைத் தனித்தனியாகச் சந்தித்து, எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திருத்தப்பட்டுத் திரும்பி வருகிறது என்று மட்டும் கேளுங்கள். இருவரும் ஒரே பதிலைத் தயங்காமல் சொன்னால் சேருங்கள். ஒருவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினால், புகழ் எவ்வளவு இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.