அத்தை பெயரில் பீடி பாஸ்: மருமகளுக்குப் பென்ஷன் உண்டா?

கேள்வி: ஆலங்குளம் பக்கத்துக் கிராமம் எங்களுக்கு. எனக்கு 37 வயது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அத்தை (மாமியார்) பெயரில் இருக்கும் பாஸில்தான் (இலை, தூள் வாங்குவதையும் பீடி கொடுப்பதையும் பதியும் கடைப் புத்தகம்) பீடி சுற்றிப் போடுகிறேன். வருகிற மாசியோடு அத்தைக்கு 58 முடிகிறது. "பாஸ் அவங்க பேர்லயே ஓடட்டும், மாத்தினா பி.எஃப். நின்னுரும்" என்கிறார் பீடிக்கடைக்காரர். இத்தனை வருஷம் சுற்றியதற்கு எனக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: அத்தை கணக்கில் சேர்ந்த பி.எஃப். பணமும் அதற்கான பென்ஷனும் அத்தைக்குத்தான் வரும். சுற்றிய கை உங்களுடையதுதான். ஆனால் கடைப் பதிவேட்டில் உங்கள் பெயரே இல்லாதபோது, அந்த வருஷங்களை உங்கள் கணக்குக்குக் கொண்டுவருவது நடக்கிற காரியம் இல்லை. இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் ஆசை காட்டி உங்களை அலையவிடக் கூடாது.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். மகன் உயிரோடு இருக்கும்போது மருமகளை பி.எஃப். நாமினியாகப் போட முடியாது. சட்டம் சொல்லும் குடும்பத்தில் நீங்கள் வரமாட்டீர்கள். ஆக, அந்தப் பாஸில் நீங்கள் போடும் பீடி எந்த வழியிலும் உங்கள் பெயருக்குத் திரும்பாது.

கடைக்காரர் சொல்வது சரியில்லை. 58 முடிந்ததும் பொதுவாக அத்தையின் பென்ஷன் கணக்கில் பணம் சேர்வது நின்றுவிடும். அப்புறம் எத்தனை ஆயிரம் பீடி போட்டாலும் அதனால் அவர் பென்ஷன் உயராது. பெயரை மாற்றாமல் இருப்பதில் கடைக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான். உங்கள் பெயரில் தனியாகப் பாஸ் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

"வீட்ல இருந்து சுத்துறவங்களுக்கு என்ன உரிமை?" என்று யாராவது கேட்டால் பதில் இருக்கிறது. பீடித் தொழிலுக்கு பி.எஃப். சட்டம் 1977 மே 31 முதல் பொருந்துகிறது. இலையும் தூளும் வாங்கிப் போய் வீட்டில் சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளிகள் இல்லை என்று முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1985-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. சுற்றிக் கொண்டுவந்த பீடியைப் பார்த்துக் கழிக்கும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கிறது, அதுவே மேற்பார்வைதான் என்றது நீதிமன்றம். கடையில் கட்டைப் பிரித்து, தூள் குறைச்சல், தலை சரியாக மடக்கவில்லை என்று ஒதுக்கித் தள்ளுகிறார்களே, வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அந்தக் கழிவே நாம் தொழிலாளி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

பீடித் தொழிலில் உங்கள் கூலியில் 10 சதவீதம் பிடிப்பார்கள். நிர்வாகமும் தன் பங்காக 10 சதவீதம் கட்ட வேண்டும். அதில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகும். நிர்வாகத்தின் பங்கையும் உங்கள் கூலியிலேயே பிடித்தால் அது சட்டவிரோதம்.

இனி உங்கள் வயதுக் கணக்கு. மாதப் பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 10 வருஷ சேவை வேண்டும். 20 வருஷம் தொட்டுவிட்டால் கூடுதலாக 2 வருஷம் சேர்த்துக் கணக்கிடுவார்கள். கடைசி 60 மாதச் சராசரிக் கூலியைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் வருவதுதான் பென்ஷன். சராசரி 5,000 ரூபாய் என்று வையுங்கள். 19 வருஷம் என்றால் மாதம் 1,357 ரூபாய். 20 வருஷம் என்றால், 22 என்று கணக்காகி 1,571 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் ஆயுள் முழுக்க வரும் பணம். 58-க்குள் 20 வருஷத்தைத் தொட உங்களுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இடம் இருக்கிறது. பணம் கட்டாத மாதங்கள் சேவையில் குறையும் என்பதால் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தள்ளிப்போடாதீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: 48 வயதைத் தாண்டி முதல் தடவை பெயர் பதிந்தால் 58-க்குள் 10 வருஷம் நிரம்பாது.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். பிறந்த வீட்டிலும் பீடி சுற்றினீர்களா? அப்போது உங்கள் பெயரில் பாஸ் இருந்ததா? நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் தனிப் பாஸ் வைத்திருந்து, புகுந்த வீடு வந்ததும் அதை மறந்துபோன பெண்கள் நிறையப் பேர். அம்மா வீட்டில் பழைய பாஸ் புக்கைத் தேடிப் பாருங்கள். பி.எஃப். எண் கிடைத்து, பென்ஷன் பணத்தை எடுக்காமல் இருந்தால், அந்த வருஷங்களைப் புதுக் கணக்கோடு சேர்க்கலாம். நிறுத்தியபோது பி.எஃப்.பை மட்டும் எடுத்திருந்தாலும் பென்ஷனுக்கான சேவை அழியாது. பத்தாம் எண் 'சி' படிவம் போட்டு அதையும் எடுத்திருந்தால்தான் போச்சு.

புதுப் பாஸ் எழுதும்போது பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். அப்பா இனிஷியல் ஓரிடம், வீட்டுக்காரர் இனிஷியல் ஓரிடம் என்று இருந்தால் பின்னால் பென்ஷனே மாட்டிக்கொள்ளும். அத்தையின் ஆவணங்களையும் இப்போதே ஒப்பிட்டுவிடுங்கள். வித்தியாசம் இருந்தால் நிர்வாகத்தோடு கூட்டு உறுதிமொழி கொடுத்துத் திருத்த வேண்டும், அதற்கு நாளாகும். 58 முடிந்ததும் அவருக்குப் பென்ஷன் கேட்டுப் பத்தாம் எண் 'டி' படிவம் போடுங்கள்.

மத்திய அரசின் தொழிலாளர் நல அமைப்பு தரும் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இதிலிருந்து வேறு. அதையும் உங்கள் பெயரில் வாங்குங்கள். முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

கடையில் பெயர் பதிய மறுத்தால் வாய்ச்சண்டை வேண்டாம். வைப்பு நிதி (பி.எஃப்.) அலுவலகம் மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைதீர் முகாம் நடத்துகிறது. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில் நடக்கும். உங்களுக்குத் தென்காசி மாவட்ட முகாம். அத்தையின் பாஸ் புக், இருவரின் ஆதார், வங்கிப் புத்தகம், உங்கள் பெயரில் பாஸ் கேட்டுக் கடைக்கு எழுதிய கடிதத்தின் நகல் இவற்றோடு அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.